குடுமியான்மலையும் கைத்துப்பாக்கியும்

புதுக்கோட்டைச் சீமையில் "மலை" என்று யாராவது சொன்னால், உடனே கொடைக்கானலை நினைத்துக்கொண்டு கம்பளிச் சட்டையை எடுத்துப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். இங்கே மலை என்பது வெட்டவெளியில் வெயிலில் காய்ந்துகொண்டு கிடக்கும் பிரம்மாண்டமான பாறை. நார்த்தாமலை, குடுமியான்மலை எல்லாம் அந்த ரகந்தான். ஒரு குடையும், குடிதண்ணீரும், ஒரு பொட்டலம் புளியோதரையும் இருந்தால் போதும். அப்படிப் போகிறவர்களுக்கு இந்தப் பாறைகள் காட்டுகிற அதிசயங்கள் எந்தக் குளிர்மலையிலும் கிடைக்காது.

குடுமியான்மலை புதுக்கோட்டைக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டர். அங்கே உள்ள சங்கீதக் கல்வெட்டைப் பார்த்து எழுதிவர வேண்டும் என்பது ஆசிரியர் எனக்கு இட்ட வேலை. அகிலாண்டேசுவரி அம்மனுக்குப் புடவை சாத்துவதாக என் அக்கா ஒரு பிரார்த்தனை வைத்திருந்தாள். திருச்சியில் அத்தானிடம் கார் இருந்தது. ஆகவே பிரயாணம் ஏற்பாடாயிற்று. நான், அக்கா, அத்தான், பதினேழு வயதான அக்கா பெண், ஆக நாலு பேர்.

ஐந்தாவதாக ஒன்றும் எங்களோடு வந்தது. அது ஒரு கைத்துப்பாக்கி! பயப்பட வேண்டாம். சாமான் என்னவோ திருச்சியில் அக்காவின் பீரோவுக்குள் பூட்டித்தான் கிடந்தது. அதைப் பற்றிய சண்டை மட்டும் காரில் ஏறி, நடு இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

விஷயம் இதுதான். அக்கா பெண் இரண்டு வருஷமாகக் காற்றுத் துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் போய்வருகிறாள். கிளப்பில் இருக்கும் பொதுத் துப்பாக்கியை ஏழெட்டுப் பேர் மாற்றி மாற்றி எடுத்துச் சுட வேண்டும். சொந்தமாக ஒன்று இல்லாமல் இதற்கு மேலே போக முடியாது என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். அத்தான் பாசமுள்ள தகப்பனார். ஆஸ்திரியா தேசத்தில் செய்த ஒரு துப்பாக்கியை, இன்னொருவர் வைத்திருந்து விற்றதை, லட்ச ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே கொடுத்து வாங்கிவிட்டார். வாங்கின பிறகுதான் அக்காவிடம் சொன்னார். இருபது வருஷம் குடித்தனம் நடத்திய மனிதர் செய்யக்கூடிய காரியமா இது? அந்தப் பணம் பெண்ணுக்கு இரட்டை வடச் சங்கிலி பண்ணுவதற்காக அக்கா சிறுகச் சிறுகச் சேர்த்தது. அன்றைக்குப் பீரோவுக்குள் போன துப்பாக்கி ஒரு மாதமாக வெளியே வரவில்லை. பீரோச் சாவி அக்காவின் இடுப்பிலிருந்து இறங்கவில்லை.

பணம் மட்டுமே காரணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கீரனூர் தாண்டி, நார்த்தாமலைக்குப் பிரியும் வழி வந்தபோதுதான் மற்றொரு காரணமும் தெரிந்தது.

"இந்த ஊர்தானே?" என்றாள் அக்கா.

யாரும் பதில் சொல்லவில்லை. 2021 டிசம்பர் 30-ஆம் தேதி, பாதுகாப்புப் படையினர் சுட்டுப் பழகும் மைதானத்திலிருந்து தப்பி வந்த குண்டு ஒன்று, நார்த்தாமலையில் வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3-ஆம் தேதி அந்தக் குழந்தை இறந்துபோயிற்று. படையினரின் துப்பாக்கி வேறு, பந்தயத்துக்குச் சுடும் காற்றுத் துப்பாக்கி வேறு என்று எடுத்துச் சொல்வது சுலபம். ஆனால் அந்த வழியைக் கடக்கும்போது, பெண்ணைப் பெற்ற ஒருத்திக்கு அப்படிச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அக்காவின் பயத்தில் எனக்குத் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

புதுக்கோட்டையில் காபி சாப்பிட்டுவிட்டு மேற்கே திரும்பினோம். துப்பாக்கிக்கும் இந்தச் சீமைக்கும் பழைய உறவு உண்டு என்று அத்தான் பேச்சை நல்ல பக்கமாகத் திருப்பப் பார்த்தார். அவர் சொன்னது உண்மைதான். புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான்களின் பூர்வீகம் அம்புநாடு. பெயரிலேயே அம்பு இருக்கிறது! அந்தக் குடும்பத்தில் பிறந்த பிருதிவிராஜ் தொண்டைமான் இன்று நாடறிந்த துப்பாக்கி வீரர். 2023-இல் சீனாவில் ஹாங்சௌ நகரத்தில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், பறக்கும் மண்தட்டைச் சுட்டு உடைக்கும் பந்தயத்தில் தங்கம் வென்ற இந்தியக் குழுவின் மூவரில் அவர் ஒருவர். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டார்.

"அவர் ராஜா வீட்டுப் பிள்ளை. நாம் மாதச் சம்பளக்காரர்" என்றாள் அக்கா. அத்தான் கியரை மாற்றினார்.

குடுமியான்மலையில் சுவாமிக்குச் சிகாநாதர் என்று பெயர். சிகை என்றால் குடுமி. கதை ரொம்ப ரசமானது. கோயில் அர்ச்சகர் ஒருவர், சுவாமிக்குச் சாத்த வேண்டிய பூவைத் தம்முடைய காதலிக்குச் சூட்டி அழகு பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்த நேரம் பார்த்து ராஜா தரிசனத்துக்கு வந்துவிட்டார். அர்ச்சகர் அவசர அவசரமாக அந்தப் பூவையே வாங்கிவந்து பிரசாதமாகக் கொடுக்க, அதில் ஒரு நீள மயிர்! "இது என்ன?" என்றார் ராஜா. "சுவாமிக்குக் குடுமி உண்டு, மகாராஜா" என்று உளறிவிட்டார் அர்ச்சகர். பக்தன் மாட்டிக்கொண்டானே என்று இரங்கி, லிங்கத்திலேயே குடுமி முளைக்கச் செய்துவிட்டார் பரமசிவன். மனைவியிடம் மாட்டிக்கொண்ட அத்தான் இந்தக் கதையை இரண்டு தரம் கேட்டார்.

1730-இல் விஜய ரகுநாத ராய தொண்டைமானுக்குப் பட்டாபிஷேகம் நடந்தது இந்த ஊரில்தான். இன்றைக்கு ஜனசந்தடி இல்லாத சின்னக் கிராமம். ஆனால் முன்மண்டபத்துக்குள் நுழைந்தால் ஒரு பெரிய சபைக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது. தூணுக்குத் தூண் ஆள் உயரச் சிலைகள். நரசிம்மர், பத்துத் தலை ராவணன், ராஜகுமாரியைத் தூக்கிக்கொண்டு ஓடும் குறவன், ரதி, கரும்பு வில்லோடு மன்மதன். நகைகளின் வேலைப்பாட்டை அக்கா ஒவ்வொன்றாக நின்று பார்த்தாள். அந்தச் சங்கிலி ஞாபகம் வந்திருக்குமோ என்னவோ.

அக்கா பெண் மட்டும் மன்மதனை விட்டு நகரவில்லை. நான் அருகில் போனதும், "மாமா, வில்லைப் பிடித்திருக்கிற கையைப் பாருங்கள்" என்றாள்.

அவள் சொல்லித்தான் எனக்கு இந்த வித்தையின் சூட்சுமம் கொஞ்சம் பிடிபட்டது. பந்தயக் கைத்துப்பாக்கியை ஒரே கையால் நீட்டிப் பிடித்துச் சுட வேண்டும். இலக்கு 10 மீட்டர் தூரத்தில் இருக்கும். அதன் நடுவில் உள்ள பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர். உங்கள் வீட்டுக்காரரின் சட்டைப் பொத்தான் ஒன்றை எடுத்து, கூடத்தின் ஒரு கோடியில் வைத்துவிட்டு, அடுத்த கோடிக்கும் அப்பால் போய் நின்று பாருங்கள். அதுதான் இலக்கு. துப்பாக்கியின் முன்னால் ஒரு சின்ன முனை, பின்னால் ஒரு சின்னப் பள்ளம். முனை பள்ளத்தின் நட்டநடுவில் நிற்க வேண்டும். அது ஒரு மில்லிமீட்டர் விலகினால், இலக்கில் குண்டு ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் விலகிவிடும். பத்து ஏழாகிவிடும். போட்டியில் இப்படி 60 தடவை சுட வேண்டும். கொடுக்கிற நேரம் 75 நிமிஷம்.

"அப்படியானால் கண்தான் முக்கியம்" என்றேன்.

"இல்லை மாமா, கைப்பிடிதான்" என்றாள் அவள்.

துப்பாக்கியின் இரும்புப் பாகத்தை ஆஸ்திரியாவிலோ ஜெர்மனியிலோ ஸ்விட்சர்லாந்திலோ செய்து அனுப்பிவிடுவார்கள். அதில் நாம் கை வைக்க வேண்டியது அதிகம் இல்லை. ஆனால் அதன் கைப்பிடி மரம். பெரும்பாலும் வால்நட் மரம். அதையும் சிறிசு, நடுத்தரம், பெரிசு என்று அளவு போட்டு அனுப்புகிறார்கள். கடையில் வாங்குகிற ரவிக்கை மாதிரிதான். அளவு சரியென்று போட்டுக்கொண்டால் தோளில் பிடிக்கும், கையில் தொளதொளக்கும். உங்கள் உள்ளங்கையின் மேடும் பள்ளமும் அந்த ஊர்க்காரனுக்கு எப்படித் தெரியும்? ஆகவே வாங்கினவர்கள் அரத்தையும் உப்புக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு உட்காருகிறார்கள். அழுத்துகிற இடத்தில் மரத்தைச் சீவுகிறார்கள். இடைவெளி விழுகிற இடத்தில் மரப் புட்டியை அப்பி, அது காய்வதற்கு முன் கையால் இறுகப் பிடித்து, கையின் அச்சையே அதில் பதித்துவிடுகிறார்கள். வியர்வையில் வழுக்காமலிருக்க அம்மி கொத்துவது போல் மேலே புள்ளி புள்ளியாகக் கொத்துகிறார்கள். கையின் அடியில் ஒரு மரத் தட்டு தாங்கிக்கொண்டு நிற்கும். அதை ஏற்றலாம், இறக்கலாம். இத்தனைக்கும் சட்டம் வேறு இருக்கிறது. கைப்பிடி மணிக்கட்டைத் தாங்கக் கூடாது. துப்பாக்கி முழுவதும் 420 மில்லிமீட்டர் நீளம், 200 உயரம், 50 அகலம் உள்ள ஒரு பெட்டிக்குள் அடங்க வேண்டும். எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது.

பொருத்தம் சரியா என்று பார்ப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியை உயர்த்த வேண்டும். பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். முன்முனை பின்பள்ளத்தின் நடுவில் தானாகவே வந்து நின்றிருந்தால் கைப்பிடி உங்களுடையது. நிற்காவிட்டால் மறுபடியும் அரம்.

கையைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டே அவள் பேசினாள். பின்னாலேயே வந்திருந்த அக்கா சட்டென்று அந்தக் கையைப் பிடித்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் கன்றி, காய்த்துப் போயிருந்தது.

"இது என்னடி?"

"கிளப் துப்பாக்கி, அம்மா. பெரிய ஆளின் கைக்குச் செய்தது. அங்கே உராயும்."

"நம் வீட்டில் இருக்கிறது மட்டும் உன் கைக்குச் செய்ததா?"

"அதுவும் இல்லை. ஆனால் அதைச் செதுக்கலாம். கிளப்பில் இருக்கிறதைச் செதுக்கினால் மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள்."

அக்கா ஒன்றும் சொல்லாமல் அர்ச்சனைத் தட்டை எடுத்துக்கொண்டு அம்மன் சந்நிதிக்குப் போய்விட்டாள்.

நான் பார்க்க வந்த கல்வெட்டு, மேலைக் கோயில் என்னும் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் இருக்கிறது. ஏறக்குறைய 13 அடிக்கு 14 அடி பரப்பில், 38 வரிகள், கிரந்த எழுத்தில். கி.பி. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது எழுத்தின் அமைப்பை வைத்துப் பலரும் சொல்லும் கணக்கு. இந்தக் காலத்தவர் கண்ணில் இது பட்டது 1904-இல். ஏழு பகுதிகள், ஒவ்வொன்றும் அந்தக் காலத்து ராகம் ஒன்றுக்கு உரியது. ஸ்வரங்களை நாலு நாலாக வகுத்து வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். ருத்ராசார்யர் என்பவரின் சீடரான ஓர் அரசர், சிவபக்தர், கற்பவர்களின் நன்மைக்காக இதைச் செய்ததாகக் கல்வெட்டே சொல்கிறது. அரசரின் பெயர் அதில் இல்லை. மகேந்திரவர்ம பல்லவர் என்று சொல்வது வழக்கம், எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. கடைசியில் தமிழில் ஒரு சின்ன வரி. எட்டுக்கும் ஏழுக்கும் இவை உரியவை என்று அதற்கு அர்த்தம். எட்டு, ஏழு என்பவை வீணையின் தந்திகள் என்பார்கள். இந்தப் பாறையிலும் திருமயத்திலும் "பரிவாதினி" என்ற வீணையின் பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது.

இதையெல்லாம் நான் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா கல்வெட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கல்யாணத்துக்கு முன் பத்து வருஷம் வீணை கற்றவள். எங்கள் வீட்டு வீணை தஞ்சாவூரில் பலாமரத்தில் செய்தது. வீணையின் மெட்டுகள் 24-ம் மெழுகின் மேல் நிற்கின்றன. மெழுகு நாளாவட்டத்தில் தேயும், இளகும். தஞ்சாவூரிலிருந்து ஒருவர் வந்து, பழைய மெழுகை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்து, அக்காவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு மெட்டாக நகர்த்தி நிறுத்துவார். ஒரு பகல் முழுதும் ஆகும். எனக்குச் சோறு போட ஆள் இராது. அதனால் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"அம்மா, உன் வீணையை யாராவது இரவல் கேட்டால் கொடுப்பாயா?" என்று கேட்டாள் பெண்.

"நன்றாயிருக்கிறதே! ஒருத்தர் கை பட்டால் இன்னொருத்தர்..." என்று ஆரம்பித்த அக்கா நிறுத்திக்கொண்டாள். பெண்ணும் மேலே பேசவில்லை. பேசாமலிருக்கத் தெரிந்த பெண். துப்பாக்கிப் பயிற்சியினால் வந்த குணமாக இருக்கலாம்.

வேப்பமரத்தடியில் புளியோதரையைப் பிரித்தோம். சாப்பிட்டுக்கொண்டே அக்கா விசாரணையைத் தொடங்கினாள். அது பணத்தைப் பற்றியதாக இல்லை.

"அது வெடித்தால்?"

வெடிமருந்தே கிடையாது என்றாள் பெண். குழலின் அடியில் ஓர் உருளையில் காற்றை அழுத்தி அடைத்திருக்கிறது. அந்த உருளைக்குப் பத்து வருஷம் ஆயுள். அதற்குமேல் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். குண்டு 4.5 மில்லிமீட்டர் ஈயம். அரை கிராம் இருக்கும். விசையை இழுக்கக் குறைந்தது 500 கிராம் பாரம் வேண்டும். போட்டிக்கு முன்னால் அரைக் கிலோ எடைக் கல்லை விசையில் தொங்கவிட்டு, துப்பாக்கியை நிமிர்த்தித் தூக்கிப் பார்ப்பார்கள். விசை விடுபட்டுவிட்டால் அந்தத் துப்பாக்கி வெளியே.

"போலீஸ் லைசென்ஸ்?"

இதற்கு அத்தான் தயாராக வந்திருந்தார். 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டர் துளைக்கும் 20 ஜூல் சக்திக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம். பந்தயக் காற்றுக் கைத்துப்பாக்கிக்கு அதில் பாதி சக்திகூடக் கிடையாது. வெடிமருந்துத் துப்பாக்கியால் 25 மீட்டரில் சுடும் பந்தயத்துக்குப் போனால்தான் லைசென்ஸ், அனுமதி எல்லாம்.

"கண்ணில் பட்டால்?"

இந்தக் கேள்விக்கு அத்தான் என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன். பெண்தான் பதில் சொன்னாள். "கண் போய்விடும், அம்மா."

ஆகையால்தான், என்று அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சுடாத நேரத்தில் குழலுக்குள் ஒரு வர்ணச் சரடு செருகியிருக்க வேண்டும். சரடு இரண்டு பக்கமும் வெளியே தெரிந்தால் உள்ளே குண்டு இல்லை என்று அர்த்தம். குழல் எப்போதும் இலக்கின் பக்கம்தான் பார்க்க வேண்டும். முன்னால் ஓர் ஆள் நடமாடினாலும் எல்லோரும் துப்பாக்கியை மேஜைமேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர வேண்டும். விளையாட்டுக்குக்கூட ஒருவர் பக்கம் திருப்பினால் அன்றோடு கிளப்பை விட்டு நிறுத்திவிடுவார்கள். "நார்த்தாமலைப் பையனைப் பற்றி எங்கள் ஸார் முதல் நாளே சொன்னார்" என்றாள்.

அக்கா வெகுநேரம் தண்ணீர் குடித்தாள்.

அந்த மௌனத்தில் நான் ஹங்கேரி தேசத்துக் கதை ஒன்றைச் சொன்னேன். கரோலி டக்காச் என்ற ராணுவ வீரர் கைத்துப்பாக்கி சுடுவதில் மகா நிபுணர். 1938-இல் பயிற்சியின்போது கையெறி குண்டு ஒன்று வெடித்து வலது கை சிதைந்துபோயிற்று. மனிதர் யாருக்கும் சொல்லாமல் இடது கையால் பழகினார். 1948-இல் லண்டன் ஒலிம்பிக்கிலும், 1952-இல் ஹெல்சிங்கியிலும் இடது கையாலேயே தங்கப் பதக்கம் வாங்கினார். நம் மனு பாக்கர் 2021-இல் டோக்கியோவில் தகுதிச் சுற்றின் நடுவில் துப்பாக்கி கோளாறாகி, அதைச் சரிசெய்வதிலேயே நிமிஷங்கள் போய், இறுதிச் சுற்றுக்கு வராமலே திரும்பினார். 2024-இல் பாரிஸில் அதே காற்றுக் கைத்துப்பாக்கிப் பந்தயத்தில் வெண்கலம். இரண்டு நாள் கழித்துச் சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து இன்னொரு வெண்கலம்.

"அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது" என்றாள் அக்கா. எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

திரும்பும்போது காரில் அவ்வளவாகப் பேச்சு இல்லை. புதுக்கோட்டைக்குள் நுழைந்ததும் அக்காவே வாயைத் திறந்தாள். பீரோவில் கீழ்த்தட்டைக் காலி செய்து தருவதாகச் சொன்னாள். சாவி தன்னிடம்தான் இருக்கும். எடுக்கும்போதும் வைக்கும்போதும் அந்தச் சரடு குழலின் இரண்டு பக்கமும் தெரிகிறதா என்று தான் பார்ப்பாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்தால் அது வெளியே வரக் கூடாது. சங்கிலிப் பணத்தை அத்தான் மாதா மாதம் திருப்பிக் கட்ட வேண்டும். ஒரு மாதம் தவறினாலும் பீரோ திறக்காது. அத்தான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். சிகாநாதர் அருள் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

கீழ ராஜ வீதியில் ஒரு ஹார்டுவேர் கடை முன்னால் காரை நிறுத்தச் சொன்னாள் பெண். மரப் புட்டி ஒரு டப்பா, அரை வட்ட அரம் ஒன்று, உப்புக் காகிதம் இரண்டு ரகத்தில் கேட்டாள். கடைக்காரர் அரத்தை எடுத்துப் போட்டார். அக்கா அதைக் கையில் வாங்கி, விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது ரொம்ப முரடு. இதைவிடப் பொடியாக ஒன்று கொடுங்கள்" என்றாள் கடைக்காரரிடம்.